ஒருதடவை மட்டும் பேசிய கேசட்

மிச்சமிருக்கும் என் நாலு பல் மேல் ஆணை, கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பழைய டேப்புகளைக் காப்பாற்றுகிற வேலை, பயத்தோடு குடித்தனம் நடத்துகிற வேலை. ஓடுகிற டேப்புக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் உங்களில் யாராவது இருந்தால், நமக்குள் சொந்தம்தான்.

செத்தவர் சொன்ன வணக்கம்

வானொலியில் நாடகக் குரல் கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு, கோட்டாறில் ஒரு மாடியில் இருக்கும் ஒலிக் காப்பகத்தில் சேர்ந்தேன். பழைய டேப்பை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் நாள் மாட்டிய டேப் சுருளிலேயே என் பழைய மேலதிகாரி தொண்டையைச் செருமிவிட்டு நேயர்களுக்கு வணக்கம் சொன்னார். அவரைச் சுடுகாட்டுக்குச் சுமந்ததில் என் தோளும் ஒன்று. சட்டென்று எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியையும் மரியாதையாக இறக்கிவிட்டேன். பட்டியல் எழுதும் ஸ்டெல்லா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உக்காருங்க சாரே. நீங்க லேட்டா வந்தது அவருக்குத் தெரியாது."

வெள்ளைப் பூஞ்சை

கொளச்சலிலிருந்து மைமூன் உம்மா ஒரு கேசட் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் சவுதிக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் புருஷன் ஹனீபா பேசி அனுப்பியது இது ஒன்றுதான். மனுஷன் அப்புறம் திரும்பவில்லை, அடக்கம் செய்த கபரும் அங்கேயே. கடற்காற்றில் டேப் முழுக்கப் பூஞ்சை. ஒருதடவை ஓடும், மறுதடவைக்குப் பொடியாக உதிர்ந்துவிடும் என்றேன். கேசட்டை மேசையில் வைத்தவர் விரலை எடுக்கவில்லை. "போட்டோகூட கெடையாது அண்ணாச்சி. பாத்துச் செய்யுங்க."

அமுக்காத பொத்தான்

பஞ்சால் துடைத்து, இரண்டு நாள் உலரவைத்து ஓடவிட்டேன். ஹனீபா பேசினார். கிணற்று மோட்டார் நனையாமல் சாக்குப் போட்டு மூடு. மகளுக்குக் காது குத்தியாச்சா? நான் வருகிறவரை என் சைக்கிளை எவனுக்கும் கொடுக்காதே. அந்த வீட்டுக்குள்ளேயே போய்விட்டேன். டேப் முடிந்தபோது மெஷினுக்கு அடியில் பழுப்புப் பொடி. அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பதிவுப் பொத்தானை நான் அமுக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா எட்டிப்பார்த்தாள்: "கொளச்சல் உம்மா போன் பண்ணினாங்க சாரே. நல்லா வந்துதான்னு கேட்டாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

ஹனீபாவாக நடித்தது

எத்தனை நாடகத்தில் செத்துப் பிழைத்திருக்கிறேன்! ஸ்டெல்லா சாப்பிடப் போனதும் மைக் முன்னால் ஹனீபா ஆனேன். ஒரு சொல் விடவில்லை, இருமலையும் சேர்த்து.

மறுநாள் ஸ்டெல்லா இல்லாத நேரமாகப் பார்த்து உம்மாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "சவுதியில அஞ்சுகிராமம் பஸ் எப்பம் விட்டாங்க, அண்ணாச்சி?"

ஜன்னலைச் சாத்த மறந்திருந்தேன். கீழே பஸ் கண்டக்டர் 'அஞ்சுகிராமம், அஞ்சுகிராமம்' என்று கூவியதெல்லாம் பதிவில் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, போலீஸுக்குப் போவதானாலும் போங்கள் என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. "பேசினது நீங்க. பேச்சு அவருக்க பேச்சுதான். சைக்கிள் இப்பமும் வீட்டுலதான் நிக்குது, எவனுக்கும் குடுக்கல்ல. அத மட்டும் இன்னொருக்க போடுங்க."

ஆக, எங்கள் காப்பகத்தில் 'சவுதி' என்று பெயர் போட்ட கம்ப்யூட்டர் பதிவுக்குள் இன்றைக்கும் அஞ்சுகிராமம் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்டெல்லாவுக்கே தெரியாத இந்தச் சங்கதியைச் சொன்னது நான்தான் என்று தயவுசெய்து யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.