நனைந்தால் இறுகும் முடிச்சு

உயிர் காக்கிற மிதவை வளையத்தை யாராவது கட்டிப்போடுவார்களா? நான் வேலை பார்த்த சரக்குக் கப்பலில் கட்டினோம். கடலில் ஓடும்போது சும்மா தொங்கும். துறைமுகத்துக்குள் நுழைந்ததும் கம்பியோடு சேர்த்து இறுக்கிவிட வேண்டும். மூட்டை ஏற்ற வருகிற கூலிக்காரர்கள் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கேப்டனுக்குப் பயம். கட்டுகிற வேலை எங்கள் செராங்குக்கு. மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி அவர், புன்னக்காயல்காரர். வலைக்குப் போடுகிற முடிச்சைத்தான் போடுவார். நனைந்தால் இன்னும் இறுகும். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அன்று காலையில் தூறல். மழை விட்டதும் செராங் பலகையில் தொங்கியபடி கப்பலின் வெளிப்பக்கத்துக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பலகையின் ஒரு பக்கக் கயிறு விட்டுவிட்டது. கப்பலுக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவே விழுந்தார். விழும்போது சுவரில் மோதிக் கை ஒடிந்துவிட்டது. ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் நீந்த முடியும்?

நான் வளையத்துக்கு ஓடினேன். முடிச்சு அசையவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

“அறுலே! கத்திய எடுத்து அறுலே!” என்று கீழேயிருந்து கத்துகிறார், கட்டிய மனுஷனே.

கத்தி சமையலறையில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே குதித்துவிட்டேன். முக்கூடல் ஆற்றில் நீந்திப் பழகிய உடம்பு. எண்ணெய் மிதக்கும் அந்தத் தண்ணீரில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அலையில் கப்பல் எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. நசுங்கிச் சாகப் போகிறோம் என்றே நினைத்தேன்.

மேலிருந்து ஒரு கயிறு வந்து விழுந்தது. போட்டவர்கள் மூட்டை தூக்குகிற கூலிக்காரர்கள். எந்த ஆட்களுக்குப் பயந்து வளையத்தைக் கட்டினோமோ அதே ஆட்கள். எங்கள் இரண்டு பேரையும் அவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் செராங் மாவுக்கட்டோடு நின்று, ஒரு கையாலும் பல்லாலும் அதே வளையத்தைத் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேப்டன்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “கிறுக்கா பிடிச்சிருக்கு அண்ணாச்சி? நேத்துதான செத்துப் பொழச்சீய!”

“உத்தரவுலே. என்னைய என்ன செய்யச் சொல்லுத?”

சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தேன். வளையம் காணாமல் போனால் யார் பொறுப்பு என்று கேப்டன் பாய்ந்தார்.

“இந்த ஆளு போயிருந்தா யார் பொறுப்பு?” என்று நானும் கத்தினேன்.

அடுத்த துறைமுகத்தில் என்னை இறக்கிவிடப் போவதாகச் சொன்னார். இறக்கியும் விட்டார். அது பிறகு நடந்தது. அப்போது அங்கேயே நின்று புதுக் கயிறு ஒன்றை எடுத்து செராங்கிடம் நீட்டி, கட்டு என்றார்.

செராங் கயிற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு பைய சொன்னார்: “அந்த முடிச்சு எனக்கு மறந்துபோச்சு சார்.”