இரங்கல் பக்கத்தில் மிக்சி விளம்பரம்

காலையில் மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு காய்கறி வியாபாரி போன் செய்தார்.

"ஏங்க, எங்கப்பா இறந்த சேதி போட்டிருக்கீங்கல்ல, அவர் போட்டோவுக்குக் கீழயே 'இனி தினமும் கொண்டாட்டம்'னு மிக்சி விளம்பரம் வருதுங்க. வூட்ல பாத்துட்டு அழுவுறாங்க."

அவர் சொன்ன உள்ளூர் செய்தித் தளத்துக்கு டெம்ப்ளேட் எழுதிக் கொடுத்தவன் நான்; பக்கத்தின் அடியில் என் எண்தான் இருக்கும். எல்லாப் பக்கத்திலும் படத்துக்குக் கீழே ஒரு காலி இடம் விட்டிருந்தேன். அதில் எதைப் போட்டாலும் தளம் முழுக்கத் தெரியும். ஒகேனக்கல்லில் வெள்ளம், பரிசலுக்குத் தடை போன்ற அவசர அறிவிப்புக்காக விட்ட இடம். தளத்தின் ஓனர் அதில் மிக்சியைத் திணித்திருக்கிறார்.

அவரைக் கூப்பிட்டேன். "இரங்கல் பக்கத்துல மட்டும் வராம பண்ணிடறேங்க. ரெண்டு வரி புரோகிராம்தான்."

"ஐயோ, அத மட்டும் பண்ணிடாதீங்க! அந்தப் பக்கத்தத்தான் ஊரே பாக்குது."

அதோடு விட்டாரா?

"போட்டோவுக்கும் பேருக்கும் நடுவுல இன்னொரு எடம் விட முடியுங்களா?"

போனை வைத்துவிட்டு அந்த இரண்டு வரியை எழுதினேன். இனி எந்த இரங்கல் பக்கத்திலும் விளம்பரம் வராது. என்றாவது ஓனருக்கே வரப்போகும் இரங்கல் பக்கத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறேன்.

அங்கே எதை விற்கலாம், நீங்களே சொல்லுங்கள்.