வரதன் பெயரில் வந்த சம்பளம்

குடும்ப நீதிமன்றத்துக் கவுன்சலிங் அறையில் வல்லரசு மூன்றாவது தடவையாக அதையே சொன்னான். "வேலை இல்ல மேடம். கெடைச்ச அன்னிக்கு கூலி, கெடைக்காத அன்னிக்கு பட்டினி." குரலை வேறு கொஞ்சம் நடுங்கவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த உதயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன வாய், என்ன நடிப்பு! மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்து வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், காலையில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டு பட்டினி என்கிறான். மாதம் இருபத்தாறாயிரம், ஓவர்டைம் தனி. கூடவே குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

தனக்கென்று அவள் ஒரு பைசா கேட்கவில்லை. தினம் ஒரு சண்டை, வாரம் ஒரு அடி என்று ஆனதும் மகள் எழில்மொழியைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள். ராயபுரத்தில் இறால் கம்பெனியில் வேலை, பதினோராயிரம் சம்பளம். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட ஃபீஸ், வேன், பால், முட்டை, வீசிங் வந்தால் டாக்டர் என்று கூட்டிப் பார்த்ததில் மாதம் பன்னிரண்டாயிரத்து நானூறு வந்தது. சரிபாதி ஆறாயிரத்து இருநூறு. அந்த இருநூறையும் அவளே கழித்துவிட்டு, மகளுக்கு மாதம் ஆறாயிரம் என்று மனு போட்டாள். கூடக் கேட்டாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதாம்! இப்படி நியாயம் பார்க்கிறவர்களைத்தான் ஊர் முதலில் ஏறி மிதிக்கிறது.

"வேலை செய்யறாருன்னு சொல்றியேம்மா, சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், ஏதாவது காட்டு" என்றார் கவுன்சலர் அம்மா.

உதயா எதைக் காட்டுவாள்? சம்பளச் சீட்டு இல்லாமல் இல்லை. ஆனால் அதில் வல்லரசு என்ற பெயர் கிடையாது.

அதற்கு யாரைக் குறை சொல்வது? எல்லாம் அவள் மூளைதான். கல்யாணமான புதிதில் புளியந்தோப்பில் குடியிருந்தார்கள், வயிற்றில் இரண்டு மாதம், மளிகைக்கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். யார்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் வேண்டும். வல்லரசு வண்டி ஓட்டுவதில் கில்லாடி, படிப்பு மட்டும் எட்டாவதோடு சரி. அவன் அண்ணன் வரதனிடம் இரண்டு காகிதமும் இருந்தன, ஆனால் அவன் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். "உங்க அண்ணன் பேருல சேந்துக்கய்யா, ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே மாரிதான கீது" என்று சொன்னவள் உதயா. பாரத்தை நிரப்பியவள் உதயா. வரதனின் கையெழுத்தைப் பழைய பேப்பரில் போட வைத்துப் புருஷனைப் பழக்கியவளும் அவளேதான்.

அன்றிலிருந்து யார்டில் அவன் வரதன். சம்பளம் வரதன் கணக்கில் விழும், ஏடிஎம் கார்டு இவன் பையில் இருக்கும். ஈ.எஸ்.ஐ. அட்டையில் வரதனின் மனைவி உதயா என்று ஏறியது. அந்த அட்டையை வைத்துத்தான் பிரசவம் செலவில்லாமல் நடந்தது. குழந்தைக்கு அப்பா பெயர் என்ன என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது வரதன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு பெயரைச் சொன்னால் குட்டு உடைந்துவிடுமே. பிறப்புச் சான்றிதழில் அதுவே பதிவானது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நிமிஷம் வெளியில போய் நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று கவுன்சலர் அனுப்பிவைத்தார்.

வராந்தாவில் வல்லரசு குரலைத் தாழ்த்தினான். "ஆயிரம் ரூபா தரேன். வாங்கிக்கினு கம்னு போ. யார்டு மேட்டர எடுத்தன்னு வச்சுக்க, பாரத்துல கீறது உன் எழுத்து. நீயுந்தான் மாட்டுவ."

"ஆயிரத்துல வேன் காசே வராதுய்யா. பாதிதான கேக்கறேன். ரெண்டு பேருக்கும்தான பொறந்துச்சு?"

அவன் விறுவிறுவென்று உள்ளே போனான். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தான். "மேடம், இது புள்ளையோட பொறப்பு சர்டிபிகேட். அப்பன் பேரு வரதன்னு போட்டுகீது பாருங்க. எங்க அண்ணன். யாரு புள்ளைக்கு யாரு துட்டு குடுக்கறது?"

கவுன்சலர் அம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். உதயாவை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். "என்னம்மா இது?"

அடப்பாவி! மூச்சுத் திணறிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் மழைத்தண்ணீரில் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் இவன்தான். அப்பா அப்பா என்று அது கட்டிக்கொண்டு தூங்கியதும் இவன் கழுத்தைத்தான். சம்பளத்தை மறைத்தபோது உதயாவுக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பெற்ற மகளையே மறைக்கிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் வேலை நிலைக்கும், தானும் தப்பலாம். ஆனால் தன் பிள்ளை பெரியப்பனுக்குப் பிறந்தது என்றாகிவிடும்.

"எழுதிக்கங்க மேடம்" என்றாள். "இவரு யார்டுல வேலை செஞ்சிகினுதான் கீறாரு. வரதன்ற பேருல. அந்தப் பாரத்த எழுதினது நான். புள்ள இவருதுதான். இன்னா டெஸ்ட்டு வோணும்னாலும் எடுங்க."

"ஏய் உதயா, வோணாம்டி! வேலை பூடும்டி!" இந்தத் தடவை அவன் குரல் நிஜமாகவே நடுங்கியது. அவள் நிறுத்தவில்லை. அதையே அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் முன்னாலும் சொன்னாள்.

டெஸ்ட்டில் வல்லரசுதான் அப்பன் என்று வந்தது. அதற்குள் விஷயம் யார்டுக்குப் போய், அவர்கள் அவனை வெளியே தள்ளிவிட்டு போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கேஸில் உதயா பெயரும் இருக்கிறது. வேலை இல்லாதவன் என்பதால் இப்போதைக்கு மாதம் இரண்டாயிரம் கொடுத்தால் போதும் என்று கோர்ட் உத்தரவு போட்டது. முதல் மாதம் வரவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை. உதயா ஞாயிற்றுக்கிழமையும் இறால் உரிக்கப் போக ஆரம்பித்தாள். அப்படியும் வேன் காசு கட்ட முடியாமல், எழில் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள்.

ஒருநாள் ராயபுரத்தில் மீன் லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த வல்லரசு அவளைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். இளைத்துப்போயிருந்தான். சட்டையில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. "இப்ப சந்தோசமா ஒனக்கு?" என்றான். பையைத் தடவி இருநூறு ரூபாயை நீட்டினான். "இவ்ளோதான் கீது."

அவள் வாங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது அவனுக்காக இல்லை.

"கைல வச்சிகினு குடுக்காதப்போ உன்ன வாயாரத் திட்டுவேன், மனசு ஆறும்" என்றாள். "இப்ப இல்லாதவன நான் இன்னான்னுய்யா திட்டறது?"