முப்பதா, முப்பத்தாறா

அமெரிக்காவில், பார்சிப்பனியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த 1996இல், ஆளுக்கொரு நாட்டைப் பற்றி வகுப்பில் பேசவேண்டும் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு வந்தது நைஜீரியா. நூலகப் புத்தகத்தைப் பார்த்து, அதன் முப்பது மாநிலங்களுக்கும் வண்ணம் தீட்டிப் பெரிய வரைபடம் ஒன்று செய்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைக் காட்டினாள். தொல்லை அப்படித்தான் வந்தது.

கீழ்வீட்டில் இருந்த ஆன்ட்டி நைஜீரியாக்காரர், மருத்துவமனையில் நர்ஸ். நான் பேசவேண்டிய நாளுக்கு முந்தின மாலை, அம்மா அவரையும் அழைத்து வந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "என் மாநிலம் இதில் இல்லையே" என்றார்.

அந்த அக்டோபர் முதல் தேதிதான் ஆறு புது மாநிலங்களை அறிவித்திருந்தார்களாம். எனுகு, அபியா என்ற இரண்டு மாநிலங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து எபோன்யி என்று ஒன்று. அதற்கு அவருடைய ஊரான அபக்கலிக்கிதான் தலைநகரம். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் போனில் சொன்னாராம்.

எனக்கு அழுகை முட்டியது.

"புக்ல இருக்கறபடியே விட்டுடு கண்ணா, கிரேடு போயிடும்" என்று அம்மா தமிழில் சொன்னாள். ஆன்ட்டிக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. பரவாயில்லை என்று கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல், "எங்கே கோடு போடணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் விரல் நகர்ந்த வழியே என் பேனா போயிற்று. அவருடைய எபோன்யியைத் தவிர மற்ற ஐந்தும் ஓர் உத்தேசம்தான்.

மறுநாள் டீச்சர் புத்தகத்தைப் புரட்டி, "முப்பதுதானே?" என்றார். "கீழ்வீட்டு ஆன்ட்டியோட அண்ணன் போன் பண்ணிச் சொன்னார்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, மேலே சொல்லச் சொன்னார். ஒவ்வொரு அரசாங்கக் கையெழுத்துக்கும் வெகுதூரம் அலைந்த ஊர்க்காரர்கள், தங்களுக்கென்று ஒரு மாநிலம் கேட்டுப் பல வருடம் மனுப் போட்ட கதையை, கோடு போடும்போது ஆன்ட்டி சொன்னபடியே சொன்னேன். கரும்பலகையில் முப்பத்தாறு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார் டீச்சர். எங்கெங்கோ விசாரித்து ஒரு வாரம் கழித்து அந்தக் கேள்விக்குறியை அழித்தார்.

அன்றைக்கே படத்தை ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எபோன்யியின் மேல் கையை வைத்துக்கொண்டார். கண்ணில் பொலபொலவென்று நீர். நான் போட்ட எல்லைக்கோடு கொஞ்சம் கோணல்தான்.

"அழாதீங்க ஆன்ட்டி, ஸ்கேல் வெச்சு நேரா போட்டுத் தரேன்" என்றேன்.