ஒனாலென்னாவின் வலது மணிக்கட்டு

தலைநகர் ஹபரோனேயை அடுத்த மொகோடிட்சானேயில் என் பக்கத்து அறையில் குடியிருப்பவள் ஒனாலென்னா. கடைகளின் விளம்பரப் படங்களுக்கு நிற்பதே அவளுடைய பிழைப்பு. கோடைக்கான உடைகளைக் கடைக்காரர்கள், எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூலையில்தான் படமெடுப்பார்கள். விடியற்காலையில் கையில்லாத உடையில் நிற்க வேண்டும். மூச்சு புகையாகத் தெரியாதிருக்க, படமெடுக்கும் கணம்வரை வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொள்ள வேண்டும். தொளதொளத்த உடையை முதுகுப்பக்கம் கிளிப்புகள் இழுத்துப் பிடித்திருக்கும், குனிய முடியாது. இவற்றுக்கெல்லாம் அவள் பழகியவள்.

இந்த வாரம் சிக்கல் வேறு வகையில் வந்தது. மாலெபோ அம்மாவின் துணிக்கடை ஓராண்டுக்கு ஒரே முகத்தைத் தேடியது. முதல் படங்கள் அவருக்குப் பிடித்துவிட்டால் ஆண்டு முழுவதும் வேலை. அந்த நேரம் பார்த்து, வேனிலிருந்து இறங்கும்போது விழுந்து ஒனாலென்னாவின் வலது மணிக்கட்டு பிசகியது. வீக்கத்தை அகலமான மணிவளையால் மறைத்துக்கொண்டு புதன்கிழமை கிளம்பினாள். விஷயம் தெரிந்த ஒரே ஆளாகிய நானும் துணைக்குப் போனேன்.

மடித்த சீட்டித் துணிகளை வாங்குபவரிடம் நீட்டுவதுபோல் நிற்கச் சொன்னார்கள். வலக்கையில் துணியை ஏந்தி, இடக்கையால் வலது முன்கையைத் தொட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் எதையும் அப்படித்தான் கொடுப்போம். ஆனால் அன்று பாரம் முழுவதையும் இடக்கைதான் தாங்கியது.

படமெடுக்கும் துசோவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன சிஸ்டர், சாவு வீட்டுல தட்டு குடுக்கிற மாதிரி? ஒத்தைக் கையில ஸ்டைலா நீட்டு. அந்தக் கை இடுப்புக்குப் போகட்டும்."

"பாரமா இருக்குண்ணா."

"துணிதானே, சிமெண்ட் மூட்டையா?"

இடக்கையை எடுத்தாள். துணிக்கட்டு நடுங்கியது.

"ஏன் ஆடுது?"

"குளிருதுண்ணா."

அதே வேலைக்காகச் சுவரோரம் காத்திருந்த இன்னொரு பெண், தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

"டேய் துசோ!" என்றார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாலெபோ அம்மா. "ஒத்தைக் கையில தூக்கிப் போட அங்க என்ன நாயா நிக்குது? என் கடைக்கு வர்றவங்கடா. பொண்ணு முதல்ல நின்னதுதான் சரி."

இடக்கை திரும்பி வந்தது. ஒனாலென்னா சிரித்தாள். படங்கள் வரிசையாக விழுந்தன.

"பிரமாதம்! இந்த வருஷம் நீதான்," என்று மாலெபோ அம்மா ஓடிவந்து அவள் வலக்கையைப் பற்றி அழுத்திக் குலுக்கினார். ஒனாலென்னாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, முழங்கால்தான் மடங்கியது. மாலெபோ அம்மா பிடித்த கையை விடாமல் வளையை மேலே தள்ளினார்.

"இது எப்ப?"

"முந்தாநாள், அம்மா."

"இதோடயா இவ்வளவு நேரம் சிரிச்ச?"

கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தேடினார்.

"எதுலயும் தெரியலம்மா," என்றான் துசோ.

"அதான்டா பயமா இருக்கு. நாளைக்கு என்கிட்ட வேற எதை மறைப்பாளோ!" கேமராவை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வா. வீக்கம் வத்தியிருந்தா வேலை உனக்கு. இல்லேன்னா அந்தப் பொண்ணுக்கு."

வண்டிக்காகக் காத்திருந்தபோது ஒனாலென்னாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. விரல்களை மடக்கினாள், விரித்தாள்.

"வத்தியிருக்கா பாரு."

"இப்பத்தானேடி பார்த்தேன்."

"மறுபடியும் பாரு."