பூவில் வாங்கிய மரம்

அன்று அந்த மரத்தடியில் நின்றவர்கள் நான்கு பேர்: என் அண்ணி, மரம் ஏறுகிறவர், காணிக்குச் சொந்தக்காரரான, நாங்கள் நோனா என்று கூப்பிடும் சிங்கள அம்மா, பிறகு நான். அண்ணி தன் பழைய சிவப்புச் சேலையில் கிழித்த துண்டொன்றைப் பட்டர்புரூட் மரத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார். ஹந்தானை மலைச் சரிவில் நின்ற அந்த மரம் முழுக்கப் பூ. எங்கள் வியாபாரத்தில் பூவிலேயே மரத்தை வாங்கிவிடுவது வழக்கம். துணியைக் கட்டிப் பாதிக் காசைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு மழை, காற்று, குரங்கு எல்லாமே வாங்கினவர் பாடு. மீதிக் காசு பறித்த பிறகு.

அந்த முடிச்சு விழுந்ததுமே நான் வானத்தைப் பார்த்தேன். "அண்ணி, பூவெல்லாம் மழையில கொட்டிருச்சுன்னா?"

"கொட்டுனா பொறுக்கி ஒனக்கு மால கட்டிப் போடுறேன். சும்மா இரு புள்ள."

மரம் ஏறுகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மஹய்யாவையில் அண்ணியின் பழம், மரக்கறிக் கடையில் வந்து நின்றவள். அப்போதிருந்தே ஒவ்வொரு மாதமும் எனக்கு ஒரு பயத்தைக் கொண்டுவரும். தை மாதம் பூவை நினைத்துப் பயம். மாம்பழக் காலத்தில், ஒரே வெயிலில் எல்லாம் கறுத்துவிடுமே என்று. ரம்புட்டான் பழுத்தால் வௌவால். தூரியன் காலத்தில், யார் தலையில் விழப்போகிறதோ என்று மேலே பார்த்தபடியே நடப்பேன். ஐப்பசியில், நுவரெலியாப் பக்கமிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிவரும் லொறி மண் சரிந்த பாதையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று. மார்கழியில் தோடம்பழம் குவியும்போது கொஞ்சம் மூச்சு விடலாம். அதற்குள் அடுத்த மரம் பூத்துவிடும். அண்ணிக்கு இதெல்லாம் விளையாட்டு. பட்டர்புரூட் காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கொட்டை அசைந்தால், "பேசுது, பறிக்கலாம்" என்பார்.

அந்த வருடம் பூ கொட்டவில்லை. கிளை தாழக் காய்த்தது. ஆனியில் மழை பிடித்தது, விடவே இல்லை. நோனாவின் முற்றத்தில், அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே, நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது. கிராம சேவகர் வந்து, உடனே வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். செய்தி கேட்ட அண்ணி சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் ஓடினேன்.

மரம் ஏறுகிறவர் வெடிப்பைக் கண்டதும் பின்வாங்கினார். "அக்கா, மண்ணு அசையுது. நான் புள்ளகுட்டிக்காரன்."

"அப்ப நான் என்னா புள்ளையாரா? சாக்கயாவது பிடி."

சேலையைச் செருகிக்கொண்டு அண்ணியே ஏறிவிட்டார். நாங்கள் இருவரும் கீழே சாக்கை விரித்துப் பிடித்தோம். காய்கள் தொப்பென்று விழுந்தன. நான் மேலே பார்க்கவே இல்லை. என் கண்ணெல்லாம் அந்த வெடிப்பில். மழைத்தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. போன தண்ணீர் எந்தப் பக்கமும் வெளியே வரவில்லை. பிறகு ஒரு கல் யாரும் தொடாமலே பெயர்ந்து உருண்டது.

"அண்ணி, எறங்குங்க!" சாக்கு என் கைநழுவிப் போயிற்று.

"கத்தாத. காய் அடிபடுது பாரு."

"காய் போகட்டும் அண்ணி, எறங்குங்க!"

நான் ஓவென்று அழுதேன். பாதி மரம் பறிக்காமலே அண்ணி இறங்கினார். வீடு வரும்வரை, பயந்தாங்கொள்ளி என்று திட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் அங்கே மரமும் இல்லை, முற்றமும் இல்லை. செய்தி வந்தபோது அண்ணி தேத்தண்ணி ஊற்றி என்னிடம் நீட்டினார். "குடி. நீதான் பயந்து போயிருக்க." தேயிலையே போடாத வெறும் சுடுதண்ணி அது.

நோனா குண்டசாலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணி மீதிக் காசோடு, அந்த மரத்துப் பழம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

"எனக்கு சல்லி வேணாம் நங்கி. மரம் இல்ல நே," என்றார் நோனா. அண்ணியை அவர் நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

"துணி கட்டுன மரம் நோனா. போனா எனக்குத்தான் போச்சு."

காசைக் கையில் திணித்துவிட்டுத்தான் வந்தார். நோனா அந்தப் பழங்களில் ஒன்றின் கொட்டையைத் தயிர்ச்சட்டியில் ஊன்றி வைத்தாராம்.

அண்ணி சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் போய்ச் சேர்ந்த பிறகு, நான் பூவில் எதையும் வாங்கவில்லை. சந்தையில் நிறுத்து வாங்கி விற்கிறேன். பயத்துக்கு அதுதான் தோது. இந்தத் தையில் நோனா ஆள் அனுப்பினார்: தயிர்ச்சட்டிக் கன்று இத்தனை வருடத்தில் மகள் வீட்டுத் தோட்டத்தில் மரமாகி, முதன்முதலாகப் பூத்திருக்கிறது. அலுமாரியிலிருந்த அதே சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு குண்டசாலைக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை மரத்தடியில் இரண்டே பேர், நோனாவும் நானும். தரை மட்டமாகத்தான் இருந்தது. இருந்தும் மரத்தைச் சுற்றி வந்து, எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நங்கி இல்ல. நீ கட்டு," என்றார் நோனா.

முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்துகொண்டது. மூன்றாம் தரம் நின்றது. பாதிக் காசைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேருமுன்னே மழை பிடித்துக்கொண்டது. அன்று முதல், தகரத்தில் ஒரு துளி விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பூ நின்றாலும் கொட்டினாலும், நோனாவுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நாலாயிரம் ரூபாய்.