பிரேக் டீச்சரின் இரட்டைக்கண் கேமரா

“நூத்தி இருபத்தஞ்சு… பதினொண்ணு” என்று பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வருகிறது. நான் ஸ்டீயரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு இருபதைத் தாண்டாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறேன்.

“நூத்தி இருபத்தஞ்சா டீச்சர்? இந்தத் தெருவிலயா?”

“உங்களைச் சொல்லல சார். வெளிச்சத்தைச் சொன்னேன். நீங்க உங்க ஆமையைப் பார்த்து ஓட்டுங்க.”

எதிரே பழைய கிடங்கின் சுவரில் காலை வெயில் சாய்ந்து விழுந்திருக்கிறது. அந்த வெயிலுக்குக் கேமராவின் கதவு எவ்வளவு நேரம் திறக்கவேண்டும், எவ்வளவு அகலம் திறக்கவேண்டும் என்பதுதான் அந்த இரண்டு எண்களும். வெளிச்சத்தை அளக்கும் கருவி எதுவும் அவரிடம் கிடையாது. நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருந்தால் ஒரு கணக்கு, துணி மாதிரி மழுங்கியிருந்தால் வேறு கணக்கு. கண்ணாலேயே பார்த்து வாயாலேயே முணுமுணுப்பார். புதிதாகக் கார் ஓட்டக் கற்க வருகிற எல்லோரும் முதல் வாரத்தில் ஒருமுறையாவது இந்த எண்களைக் கேட்டு ஆக்ஸிலேட்டரில் காலை வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது.

அந்த இரண்டாவது பிரேக்தான் அவருக்குப் பெயர் கொடுத்தது. வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் ‘பிரேக் டீச்சர்’ என்றால் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளை கேன்வாஸ் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, கைப்பையில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட் டப்பா. ஒழுங்காக வண்டியை நிறுத்தினால் ஒரு மிட்டாய் பரிசு. நடுரோட்டில் வண்டி அணைந்துபோய், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தால் இரண்டு மிட்டாய். “பரிசைவிட ஆறுதல் பெரிசா இருக்கணும் சார்” என்பார். நாற்பத்தெட்டு வயதில் கற்கப் போன நான் முதல் மாதத்தில் தின்ற பெப்பர்மிண்ட்டுக்கு அளவே இல்லை.

பின் இருக்கையில் கேமரா உட்கார்ந்திருக்கும். ஆமாம், உட்கார்ந்திருக்கும். ஒரு சின்னத் துண்டைப் போர்த்தி, அதற்கும் சீட் பெல்ட் போட்டிருப்பார். கறுப்புத் தோல் உறை போட்ட பெட்டி. முன்பக்கம் மேலொன்று கீழொன்றாக இரண்டு கண்கள். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் எடுப்பதற்கு. அகலமான ஃபிலிம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள்தான் விழும். சுருள் முடிந்ததும் காகிதப் பட்டையை நாக்கால் நனைத்து ஒட்டவேண்டும். ஒவ்வொரு தடவையும் வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகம் சுளித்துக்கொண்டே ஒட்டுவார்.

இந்தக் கேமராவால் அவர் மாணவர்கள் வண்டி நிறுத்துவதில் மட்டும் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஏனென்றால் டீச்சருக்கு ஒரு காட்சி பிடித்துவிட்டால் பாடம் அந்த இடத்தில் மாறிவிடும். “லாரிக்குப் பின்னால ஓரமா நிறுத்துங்க. கண்ணாடி பாருங்க. இண்டிகேட்டர் யாரு போடுவா, உங்க மாமாவா?” வண்டி நின்றதும் பாதி வாக்கியத்திலேயே இறங்கிப் போய்விடுவார்.

அவர் படம் எடுப்பதைப் பார்க்கவேண்டும். கேமராவை வயிற்றோடு அணைத்து, மேல்மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் கண்ணாடியைக் குனிந்து பார்ப்பார். தெருவில் போகிறவர்களுக்கு அது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலத் தெரியும். ஒரு பெரியவர் நின்று, “என்னம்மா, கம்மலா?” என்று கேட்டு, தானும் குனிந்து தரையைத் துழாவத் தொடங்கிவிட்டார். டீச்சர் அவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியில் உருவம் நேராகத்தான் தெரியும். ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். சைக்கிள் இந்தப் பக்கமிருந்து வந்தால் கண்ணாடிக்குள் அந்தப் பக்கமிருந்து வரும். ஆயுள் முழுக்க அடுத்தவருக்கு இடம் வலம் சொல்லிக்கொடுத்தவர், கேமராவைத் திறந்ததும் எல்.கே.ஜி. பிள்ளையாகிவிடுவார். உருவத்தை நடுவுக்குக் கொண்டுவர நினைத்து, தவறான பக்கமே நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் தபால் பெட்டியில் மோதிக்கொண்டார். காருக்குள் உட்கார்ந்து நாங்கள் சிரிப்போம். “சிரிங்க, சிரிங்க. ரிவர்ஸ் எடுக்கறப்ப எனக்கும் ஒரு நாள் வரும்.”

இருபது வயதில், முதல் வேலையில் சேர்ந்த புதிதில், பழைய பொருள்கள் விற்கும் ஒருவரிடம் வாங்கிய கேமரா அது. ஆசை தீர எடுத்திருக்கிறார். பிறகு கல்யாணம், ஒரு பெண், கார் பள்ளி, எல்லாம் வந்தன. ஃபிலிம் கடைகளை விட்டுப் போனது. கேமரா பரண் ஏறியது. அவருக்கு அதில் பெரிய சோகம் எதுவும் இல்லை. “பசிச்சாதான சாப்பாட்டு ஞாபகம் வரும். அப்போ மத்த பசி நிறைய இருந்துச்சு” என்று முடித்துவிடுவார்.

பரணிலிருந்து அதை இறக்கச் சொன்னது அவர் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், எல்லோருக்கும் ‘கண்ணாடிக்காரர்’. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்தவர், கொப்பளித்த தண்ணீர் வாயின் ஓரத்தில் தானாக ஒழுகுவதைப் பார்த்தார். முகவாதம். முகத்தின் இடப்பக்கம் இறங்கிப்போனது. மருந்தும் பயிற்சியுமாகச் சில மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனாலும் இடது உதட்டோரம் கொஞ்சம் தாழ்ந்தே நின்றுவிட்டது.

வீட்டில் ஓய்வில் இருந்த அந்த நாட்களில் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்குத் திருகு மாட்டுகிற குட்டி ஸ்க்ரூடிரைவர்களை வைத்துக்கொண்டு கேமராவைப் பிரித்தார். உறைந்துபோன எண்ணெயைத் துடைத்தார். மங்கியிருந்த உள்கண்ணாடியை, பச்சைக் குழந்தைக்கு மூக்குச் சிந்துகிற பதமாக, ஒற்றி ஒற்றிச் சுத்தம் செய்தார். பின்மூடியில் வெளிச்சம் கசிகிற இடத்தில் பழைய நகைப்பெட்டியின் வெல்வெட்டை வெட்டி ஒட்டினார். கடைசியில் விசையை அழுத்தியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்ததாம். “ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம் சார். ஏதோ குழந்தை பேசின மாதிரி.”

வெளியூரிலிருந்து வரவழைத்த முதல் சுருள் சொதப்பல். பழைய கேமராவில், ஒரு படம் எடுத்தபின் ஃபிலிமை நாமேதான் சுற்றவேண்டும். மறந்தால் அதே இடத்தில் அடுத்த படமும் விழும். கழுவக் கொடுத்த வெளியூர் லேபிலிருந்து வந்த படத்தில், கற்க வந்த ஒரு பெண்ணின் உச்சந்தலையிலிருந்து பெட்ரோல் பங்க் முளைத்திருந்தது. டீச்சர் அதைப் பள்ளியின் வரவேற்பு மேசைக்கு மேல் ஒட்டிவைத்தார். “இது என் ஞாபகமறதி எடுத்த படம். நான் எடுத்ததைவிட நல்லா இருக்கு.”

தெருவையே எடுத்து முடித்தார், ஒருவரைத் தவிர. கேமராவுக்கு உயிர் கொடுத்தவர் மட்டும் அதன் முன் நிற்க மறுத்தார். நோய்க்குப் பிறகு எந்தப் படத்திலும் அவர் இல்லை. யாராவது போனைத் தூக்கினால், “குடுங்க, நான் எடுக்கறேன்” என்று வாங்கிக்கொள்வார். சிரிப்பு வந்தால் கண்ணாடி துடைக்கிற துணியால் வாயை மூடிக்கொள்வார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிட்டால் போன் தானாக மேலே திரும்பிவிடும். “அப்பாகிட்ட பேசி ரெண்டு வருஷமாச்சும்மா. உங்க வீட்டு ஃபேன்கிட்டதான் பேசிட்டிருக்கேன்” என்று அவள் சொன்னதை டீச்சர் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன மாதம் ஒரு காலை, பாடம் முடிந்து கண்ணாடிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். சுருளில் ஒரு படம் பாக்கி. அதை முடித்துத் தபாலில் போடவேண்டும் என்று என்னை நிற்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“வேண்டாம் சார். உங்களுக்கு இன்னும் லாரி எதிர்ல வர்ற முகமாவே இருக்கு.”

கடைக்குள் துணிக்குப் பின்னாலிருந்து கண்ணாடிக்காரரின் சிரிப்பு கேட்டது. டீச்சர் கேமராவோடு அந்தப் பக்கம் திரும்பினார்.

“நீங்க வாங்க.”

“நான் எதுக்கு? அந்தத் தெருவிளக்கை எடு. அசையாம நிக்கும்.”

“அதை நாலு தடவை எடுத்தாச்சு. அதுக்கே என்னைக் கண்டா சலிப்பு.”

டீச்சர் வற்புறுத்தவில்லை. கைப்பிடியைச் சுற்றி ஃபிலிமை நகர்த்திவிட்டு, வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் தர்மசங்கடம், காரின் பம்பரில் இல்லாத கீறலைத் தேடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து கண்ணாடிக்காரர் துணியை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். வந்தவர், இடது கன்னம் தெரியாதபடி கழுத்தைத் திருப்பிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

டீச்சர் பெட்டிக்குள் குனிந்தார். “அப்படித் திரும்பினா கழுத்து பிடிச்சுக்கும். கொஞ்சம் வலப்பக்கம்.”

அவர் திரும்பினார்.

“ஐயோ, அந்தப் பக்கமில்ல. வலம், வலம்!”

“இதுதான வலம்?”

“அது உங்க வலம்.”

“அப்ப உன் வலமா?”

“என் வலமும் இல்லைங்க. கேமரா வலம்!”

“ஏம்மா, ஒரு ஊருக்கு எத்தனை வலம்?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். துணி மேசையில் கிடந்தது. கை வாய்வரை போய்ப் பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, ஒரு கண் இடுங்க, முகம் முழுக்க வெயில் விழ, அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது ‘டிக்’ என்றது.

படம் வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை மூக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். டீச்சர் மாதிரிக்கு வைத்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நம்ம கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலயாவது நான் கண்ணைத் திறந்திருக்கேனா?” என்றார் அவர்.

“இல்லை. ஒண்ணுலகூட இல்லை.”

“இதுல ஒரு கண்ணாவது முழிச்சிருக்கு, பாரு.” பிறகு படத்தை டீச்சரிடம் நீட்டி, “பொண்ணுக்கு ஒரு காப்பி அனுப்பிடு. ஃபேன் எப்படி இருக்குன்னு பார்க்கட்டும்” என்றார்.

அதற்கு மறுநாள் பாடத்தில், சிக்னலில் நிற்கும்போது, மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன்.

“டீச்சர், அன்னிக்கு வலம்னு தப்பா சொன்னீங்களா, இல்ல வேணும்னே சொன்னீங்களா?”

“ரோட்டைப் பாருங்க சார்.”

பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்தது, மழை வருகிற மாதிரி. டீச்சர் கையை நீட்டித் தன் பக்கத்து வெயில் தடுப்பை இறக்கினார். அதன் உள்பக்கத்தில் அந்தச் சதுரப் படத்தின் ஒரு பிரதி செருகியிருந்தது. ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். மறுபடி மேலே மடித்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தார்.